செம்மர மந்திரி

நவராத்திரிக்குக் கொலு வைக்கிறவர்கள் வீட்டில் ஒரு ஜோடி மரப்பாச்சி கட்டாயம் இருக்கும். ஊரிலிருந்து வரும்போது துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வந்திருப்பீர்கள். பெரும்பாலும் திருப்பதியில் வாங்கியதாக இருக்கும். அந்தச் சிவப்புக் கட்டைதான் செம்மரம், செஞ்சந்தனம் என்றும் சொல்வார்கள். சந்தனம் என்று பெயரே தவிர வாசனை கிடையாது. சித்தூர், திருப்பதி, கடப்பா பக்கத்து மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது காடாக வளர்வதில்லை என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட மரத்துக்கு மூன்று வருஷம் மந்திரியாக இருந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பொஜ்ஜல கோபாலகிருஷ்ணா ரெட்டி. நம்மில் பலருக்குப் பெயரே புதிதாக இருக்கலாம். காளஹஸ்தி தொகுதியில் 1989, 1994, 1999, 2009, 2014 என்று ஐந்து முறை ஜெயித்த தெலுங்கு தேசக்காரர், சந்திரபாபு நாயுடுவுக்கு மிக நெருக்கமானவர். 2003 அக்டோபர் 1-ம் தேதி அலிபிரியில் நக்சலைட்டுகள் கண்ணிவெடி வைத்தபோது நாயுடுவோடு காரில் இருந்து காயம்பட்டவர். அடுத்த வருஷத் தேர்தலில் கட்சியும் தோற்றது, இவரும் தோற்றார். பத்து வருஷம் கழித்து, 2014 ஜூனில் நாயுடு மறுபடி முதல்வரானதும் இவருக்குக் கொடுத்தது வனம், சுற்றுச்சூழல் இலாகா.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் இலாகா என்றால் பெரும்பாலும் ஆறுதல் பரிசு மாதிரி. ஆனால் அந்த வருஷம் ஆந்திராவில் கதை வேறு. மாநிலம் பிரிந்து ஹைதராபாத் தெலங்கானாவுக்குப் போய்விட்டது. கஜானாவில் பணம் இல்லை. விவசாயக் கடன் தள்ளுபடி என்று வாக்குறுதி கொடுத்தாயிற்று, குடும்பத்துக்கு ஒன்றரை லட்சம் வரை. பணத்துக்கு எங்கே போவது? கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்த செம்மரம் கிடங்குகளில் மலையாகக் குவிந்து கிடந்தது. 1995-லிருந்து இது சைட்டிஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிற மரம், நினைத்தபடி ஏற்றுமதி செய்ய முடியாது. 8,500 டன்னுக்கு மேல் விற்க மத்திய அரசு விசேஷ அனுமதி கொடுத்திருந்தது. 2014 கடைசியில் மின்னணு முறையில் உலக ஏலம் விட்டார்கள். தள்ளுபடிக்கு இந்தப் பணம் கைகொடுக்கும் என்று அரசு வெளிப்படையாகவே பேசியது.

வங்கியில் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு இந்த இடம்தான் உறுத்துகிறது. பிரச்சினை கடன் தள்ளுபடி இல்லை, அது எல்லாக் கட்சியும் செய்வதுதான். ஆனால் காட்டைக் காக்கிற இலாகாவே அந்தக் காட்டு மரத்தை டன் கணக்கில் விலை போட்டு விற்கிறது. ஏலத்தில் எடுத்த கட்டைக்கும் திருடிய கட்டைக்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான். சீனாவில் பணக்காரர் வீட்டு மேஜை நாற்காலி, ஜப்பானில் ஷாமிசென் என்கிற மூன்று தந்தி வாத்தியம். ஏல விலை பேப்பரில் வந்தால், காட்டில் நிற்கிற ஒவ்வொரு மரத்திலும் விலைச்சீட்டு ஒட்டின மாதிரி ஆகிவிடாதா? வங்கியில் கடன் கொடுக்கும்போது ரிஸ்க் யார் தலையில் விழும் என்றுதான் முதலில் பார்ப்போம். இந்தத் தொழிலில் வாங்குகிறவன் வெளிநாட்டில் இருப்பான், அனுப்புகிறவன் துறைமுகத்துப் பக்கம் இருப்பான், ஏஜெண்ட் செல்போனில் இருப்பான். கோடாலியோடு காட்டுக்குள் நிற்கிறவன் மட்டும்தான் கண்ணில் படுவான். அவன் நம்மூர்க்காரன். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை ஆட்கள். சந்தன மரம் வெட்டிப் பழகிய கை, சொந்த ஊரில் வேலை இல்லை, தினக்கூலியைப் போலப் பல மடங்கு தருகிறேன் என்று ஒருவன் வந்து நிற்கிறான்.

வனத்துறைக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வன அதிகாரிகளை அடித்தே கொன்றார்கள். அவர்களுக்கும் குடும்பம் உண்டு. அதற்குப் பிறகுதான் கெடுபிடி அதிகமாகி, போலீசும் வனத்துறையும் சேர்ந்த தனி அதிரடிப்படை வந்தது.

2015 ஏப்ரல் 7 விடியற்காலை. சந்திரகிரி பக்கம் ஸ்ரீவாரி மெட்டுக் காட்டில் இரண்டு இடங்களில் துப்பாக்கிச் சூடு, 20 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தமிழர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முதல் நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். விஷயம் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் ஹைகோர்ட்டுக்கும் போனது. தலைக்கு 5 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்க ஆணையம் சொன்னது. அதற்கும் கோர்ட்டில் தடை வாங்கினார்கள்.

சுட்டது பொஜ்ஜல இல்லை, சுடச் சொன்னார் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் வன மந்திரி அவர்தான், மாவட்டமும் அவருடையதுதான். காளஹஸ்திக்காரருக்குத் தமிழ்க் கூலியாட்களின் நிலைமை தெரியாமலா இருக்கும்? முன்பு வட ஆற்காட்டோடு இருந்த சீமை அது, 1911-ல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. ஜவ்வாது மலைக்கு மாற்று வேலை பற்றித் தமிழ்நாட்டு அரசோடு உட்கார்ந்து பேச அவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது என்பது என் எண்ணம். கடைசியில் வந்தது சட்டத் திருத்தம். 1967-ம் வருஷத்து ஆந்திர வனச் சட்டத்தை 2016-ல் திருத்தி, செம்மரக் குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டினார்கள்.

2017 ஏப்ரலில் மந்திரிசபையை மாற்றியபோது இவரைக் கழற்றி விட்டார்கள். கோபத்தில் எம்.எல்.ஏ. பதவிக்கே ராஜினாமா கடிதம் எழுதினார், பிறகு சமாதானம் ஆனார். 2022 மே 6-ம் தேதி காலமானார். 2024-ல் மகன் அதே காளஹஸ்தியில் ஜெயித்தார். வன இலாகா இந்தத் தடவை பவன் கல்யாணுக்குப் போனது. மரத்தின் கதையும் அப்படியே இழுத்துக் கொண்டுதான் இருக்கிறது: ஐ.யு.சி.என். 2018-ல் ஆபத்து கொஞ்சம் குறைந்தது என்று பட்டியலில் கீழே இறக்கியது, 2021-ல் மறுபடி அழியும் அபாயத்தில் உள்ளவற்றோடு சேர்த்தது.

2013 கொலை வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதில் 280-க்கும் மேற்பட்ட தமிழ்க் கூலித் தொழிலாளிகளைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். பலர் இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள். 2016 ஜூனில், பொஜ்ஜல இன்னும் மந்திரியாக இருக்கும்போதே, திருப்பதி கோர்ட் அவர்களை விடுதலை செய்தது.