மேளக்காரர் பங்கு

மாசி பிறந்தால் எங்கள் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்படுவார். அங்கே இசுலாமியரும் எதிர்கொண்டு மரியாதை செய்வது வழக்கம். புறப்பாட்டுக்கு வாசிப்பது சபாவில் உட்கார்ந்து வாசிப்பது மாதிரி அல்ல. தோளில் தவில் இழுக்க இழுக்க நடந்துகொண்டே மல்லாரி வாசிக்க வேண்டும்.

நான் தவில்காரர் வீட்டுப் பிள்ளை. வாசிக்கவில்லை, வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றேன். கோயிலுக்கு மேளம் கிடைக்கவில்லை என்றதும் "இந்தக் காலத்து மேளக்காரனுக்கு பக்தி ஏது?" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பொறுக்காது.

ராஜராஜன் பக்தியையா நம்பினான்? 1014-ஐ ஒட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பாருங்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவருக்கும் வாத்தியக்காரருக்கும் தனித்தனிப் பங்கு. திருப்பதியம் பாடிய 48 பேருக்கும், உடுக்கை, மத்தளம் வாசித்த இருவருக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். ஆள் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த வேலையைச் செய்து நெல்லைப் பெறலாம். அவருக்கு வித்தை போதாதென்றால் தகுந்தவரை அமர்த்த வேண்டும். ஆள் போய்விடுவான் என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறான்!

பிற்காலத்தில் நெல்லுக்குப் பதில் மானிய நிலம். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. வரவேண்டியதுதான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. மேளத்தைத் தொட்டது 1963-ஆம் ஆண்டு சிறு இனாம் ஒழிப்புச் சட்டம். கோயில் ஊழியத்தைத் தொடர்ந்து செய்து நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பணம் கட்டி ஊழியத்திலிருந்து விடுபடவும் வழியிருந்தது. பக்கத்துக் கிராமத்துச் சிறு கோயில் ஒன்றில் வாசித்துவந்த என் அப்பா பணத்தைக் கட்டினார். அந்த நிலத்தில் விளைந்ததுதான் என் படிப்பு.

கல்யாணச் சந்தையும் சேர்ந்துகொண்டது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாகசுரத்தை நீளமாக்கி, சுருதியைத் தாழ்த்தி, மேடைக்கு ஏற்ற வாத்தியமாக்கினார். பெருமைதான். ஆனால் முகூர்த்தத்தில் ஒரே நாளில் கிடைப்பதைக் கோயில் பூசை மாதம் முழுக்க வாசித்தாலும் தராது.

இப்போது பல கோயில்களில் சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் அடிக்கும் மின்சார மேளம். காலையில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்ற பேதமெல்லாம் அதற்குத் தெரியாது. பழனிக் கோயில் நாகசுர, தவில் பள்ளி நடத்துகிறது, பையன்கள் கற்கிறார்கள். கற்றவனை எந்தச் சிறு கோயில் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும்?

திருவிழாவுக்குத் தவில்காரர் வேண்டுமென்று ஊர்ப் பெரியவர்கள் என்னிடம்தான் வருவார்கள். மற்ற நாளுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பேன். "மற்ற நாளைக்குத்தான் மிஷின் இருக்கே!" என்பார்கள்.