உபதேசியார் நடந்த பாதை



மறைபரப்புப் பணி என்றதும் கப்பலேறி வந்த குருக்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, 1693இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் ஆகியோரை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் மதுரை மறைப்பணியின் வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், குருவானவருக்கு முன்னே வேறொருவர் நடந்து போவதைக் காண்கிறோம். அவர்தான் உபதேசியார்.

அன்று குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், ஊர்களோ ஏராளம். குருவானவர் ஓர் ஊரைவிட்டுப் போனால் மறுபடி வர மாதக்கணக்காகும். அந்த இடைக்காலத்தில் செபங்களைச் சொல்லிக்கொடுத்தவரும், சாகக்கிடந்த குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவரும், நோயாளியின் அருகில் அமர்ந்தவரும், இறந்தவரை அடக்கம் செய்தவரும் உபதேசியாரே. இவர்களுக்காகவே வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் நூலை எழுதினார். வேதியர் என்று அவர் அழைத்தது உபதேசியார்களைத்தான். நூலின் பெயரே நமக்கு ஒரு மறையுரை. போதிக்கிறவருக்கு முதலில் வேண்டியது பேச்சு அன்று, ஒழுக்கம்.

1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். 1814இல் சபை மீண்டும் உயிர் பெற்றது. ஆனாலும் இயேசு சபையினர் மதுரைப் பகுதிக்குத் திரும்பிவர 1838 ஆயிற்று. ஏறக்குறைய 65 ஆண்டுகள்! கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த குருக்கள் இயன்றவரை உழைத்தார்கள். ஆனால் குருவையே காணாத ஊர்கள் எத்தனையோ. அங்கேயும் விசுவாசம் அணைந்து போகவில்லை. உபதேசியார் செபம் சொல்லிக்கொடுத்தார். தாய்மார் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள்.

யாழ்ப்பாணத்திலும் இதுவே நடந்தது. 1658இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி, கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687இல் புனித யோசேப்பு வாஸ் கூலியாளைப் போல் வேடமிட்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது, தேடிக் கண்டுகொள்ள விசுவாசிகள் இருந்தார்கள். 29 ஆண்டுகள் மறைவில் செபித்த குடும்பங்கள்தாம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தன.

நம் மலையும் இதற்குச் சாட்சி. 1866இல் எழுந்த கொடைக்கானல் சலேத் அன்னை ஆலயத்திற்கு நாம் ஆண்டுதோறும் போகிறோம். 1846 செப்டம்பர் 19ஆம் நாள் பிரான்சு நாட்டு மலையொன்றில் அன்னை காட்சி கொடுத்தது ஆயருக்கோ அறிஞருக்கோ அல்ல. மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலானி, மாக்சிமின் என்னும் இரண்டு பிள்ளைகளுக்கு. நன்றாகச் செபிக்கிறீர்களா என்று அவர்களைக் கேட்ட அன்னை, தம் செய்தியை மக்கள் எல்லாருக்கும் அறிவிக்கும் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தார்.

அப்படியானால் இன்று அட்டுவம்பட்டியில் அந்தப் பணி யாருடையது? பக்கத்து வீட்டில் ஒருவர் படுக்கையில் கிடந்தால், "சாமியாரிடம் சொல்லிவிட்டோம்" என்பதோடு நம் கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருந்தால், பங்குத்தந்தை சமாதானம் செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். மறைக்கல்வி நேரத்தில் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைக்குச் செபம் தெரியவில்லையே என்று வருந்துகிறோம். 65 ஆண்டுகள் குருவில்லாமலும் நிலைத்த விசுவாசம், ஞாயிறுதோறும் குரு இருந்தும் நம் வீட்டுக்குள் வாடிப்போகலாம். அஞ்சவேண்டியது இதற்குத்தான்.

அன்னை தெரசாவின் பெயர் தாங்கிய பெண்கள் பல்கலைக்கழகம் நம் ஊரில்தான் இருக்கிறது. சமவெளியிலிருந்து வந்து, பழகாத குளிரில் தங்கிப் படிக்கும் மாணவியரை ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பெயர் சொல்லி விசாரிக்கிறோமா? வேலை தேடி மலையேறி வந்த வடமாநிலத் தொழிலாளிக்கு நம் அன்பியக் கூட்டத்தில் இடம் உண்டா?

2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருஅவையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். நம் உபதேசியார்கள் பட்டம் ஏதுமின்றிச் செய்துவந்த பணிக்கு அது கிடைத்த அங்கீகாரம். அவர்களில் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் நம் வீட்டு மாலைச் செபத்தில் அவர்கள் குரல் இன்னும் இருக்கிறது. இந்த வாரம் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போவோம். ஒரு பிள்ளைக்கு ஒரு செபம் சொல்லிக்கொடுப்போம். பேசாதிருக்கும் ஒருவரிடம் நாமே முதலில் பேசுவோம். அதற்கான வரத்தைச் சலேத் அன்னை தம் மகனிடமிருந்து நமக்குப் பெற்றுத் தருவாராக. ஆமென்.