எடையின்மை

சுற்றுப்பாதையில் செல்லும் விண்வெளி வீரர்கள் எடையற்றவர்கள் போல மிதக்கும் நிலை. அங்கே புவியீர்ப்பு இல்லை என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு, தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம். அவ்வளவு உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டி உச்சியில் ஏறி நின்றால், இங்கே 60 கிலோ காட்டும் எடை இயந்திரம் அங்கே சுமார் 53 கிலோ காட்டும்.

மிதப்பதற்குக் காரணம், நிலையமும் உள்ளே இருப்பவர்களும் ஒன்றாக விழுந்துகொண்டே இருப்பதுதான். நாம் எடை என்று உணர்வது, காலடித் தரை நம்மைத் திருப்பித் தள்ளுவதை. தரையும் கூடவே விழுந்தால் தள்ள எதுவும் இல்லை. லிஃப்ட் இறங்கத் தொடங்கும் நொடியில் வயிறு லேசாவதும் இதனால்தான்.

கனமான நிலையமும் லேசான மனிதர்களும் ஒன்றாக விழ முடிவதற்குக் காரணம் உண்டு: காற்றின் தடை இல்லாவிட்டால் கனமானதும் லேசானதும் ஒரே வேகத்தில் விழும். 1971-இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட், நிலவில் நின்று ஒரு கையிலிருந்து சுத்தியலையும் மறுகையிலிருந்து வல்லூறின் இறகையும் ஒருசேர விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன.

இப்படி விழுந்துகொண்டே இருந்தாலும் விண்வெளி நிலையம் தரையில் மோதாமல் காப்பது அதன் பக்கவாட்டு வேகம்: நொடிக்குச் சுமார் 7.7 கி.மீ. ஒரு நொடியில் அது நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக விழுகிறது. அதற்குள் பூமியின் வளைவும் அதே அளவு கீழே விலகிவிடுகிறது.