மணலும் ஓய்வும்: செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலைப் பேணியவர்கள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் சிறு நகரம் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள பழைய கோல்ஃப் திடலில் கோப்பை வென்றவர்களைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. புல்தரைப் பணியில் இருப்போர் வெளியிடும் இம்மலரில், அந்தத் திடலைப் பருவந்தோறும் காத்து வந்தவர்களின் வரலாறு இடம்பெறுவதே முறை.

அது கடலோர மணல்மேட்டு நிலம்; உழவுக்கு ஆகாது. ஃபெஸ்க்யூ, பென்ட் வகைப் புற்கள் தாமாக முளைத்தன. ஆடும் முயலும் மேய்ந்து அவற்றைக் கட்டையாக வைத்திருந்தன. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் தந்த சாசனத்தில் ஊர்மக்களுக்கு ஆடும் உரிமையும் அவருக்கு முயல் வளர்க்கும் உரிமையும் உறுதியாயின. அந்த முயலே பிற்பாடு வினையாக முடிந்தது. கடனில் மூழ்கிய நகர மன்றம் 1797இல் நிலத்தைக் கைவிட, அது முயல் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. திடலெங்கும் வளை தோண்டப்பட்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் 1821இல் அதை வாங்கி ஆட்டத்துக்கென மீட்டுக் கொடுத்தார்.

அதே 1821இல் அவ்வூரில் பிறந்தவர் டாம் மோரிஸ். ஓப்பன் போட்டியை நான்கு முறை வென்றவர். ஆனாலும் அவர் கைக்கு வந்த கோப்பைகளைவிட, அவர் கையால் தூவிய மணலே பெரிது என்பேன். மேற்குக் கரையின் பிரெஸ்ட்விக் திடலில் 1851 முதல் அவர் காப்பாளர். அங்கே ஒருநாள் மணல் ஏற்றிய தள்ளுவண்டி கிரீன்மேல் கவிழ்ந்ததாகவும், மணல் விழுந்த இடத்தில் புல் செழித்ததைக் கண்டு அவர் அதையே வழக்கமாக்கிக்கொண்டதாகவும் இத்தொழிலில் வழிவழியாகச் சொல்வார்கள். காரணம் தெளிவானதுதான். பட்டுப்போன புல்லும் வேரும் மேல்மண்ணில் படலமாகப் படிந்தால் நீர் தேங்கும், பாசி பிடிக்கும். மெல்லிய மணல் ஊடே இறங்கினால் படலம் மட்கும், நீர் வடியும், மேடுபள்ளமும் சமப்படும்.

1864இல் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் அவரைத் திரும்ப அழைத்தது. ஆண்டுச் சம்பளம் 50 பவுண்டு, பராமரிப்புச் செலவுக்கு 20 பவுண்டு. கருவிகள் என்று பார்த்தால் ஒரு தள்ளுவண்டியும் மண்வெட்டிகளும்தான். பளுவான வேலைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓர் ஆள். அதை வைத்துக்கொண்டுதான் முட்புதர் வெட்டி வழியை அகலப்படுத்தினார். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் புதிய கிரீன்கள் அமைத்தார். அதுவரை குழியருகிலேயே நின்று, அந்தக் குழிக்குள்ளிருந்தே மணலை அள்ளிப் பந்துக்கு மேடை கட்டி அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார்கள். தொடங்குமிடத்தை அவர் தனியே பிரித்ததால் கிரீன்கள் பிழைத்தன.

மணலுக்கு நிகராக அவர் மதித்தது ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கூடாது, ஆடுபவருக்கு வேண்டாமென்றாலும் தரைக்கு ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. பெரும் போட்டிகள் நீங்கலாக அவ்வழக்கம் இன்றும் நிற்கிறது; அன்று ஊர்மக்கள் அங்கே காலாற நடக்கிறார்கள். ஒரு வாரம் ஒரு திசையிலும் மறுவாரம் எதிர்த்திசையிலும் ஆடவிட்டு, ஒரே இடம் தேயாமல் பார்த்துக்கொண்ட காலமும் இருந்தது.

பார்வையாளர் கண்ணில் படாத குளிர்காலமே அங்கே வேலை மிகுந்த பருவம். குளிரில் புல் வளராது. பந்தடியில் பெயர்ந்த இடம் ஆறாது. அதனால் நவம்பர் முதல் மார்ச் வரை ஃபேர்வேயில் சிறு விரிப்பின்மேல் பந்தை வைத்துத்தான் அடிக்க வேண்டும். உறைபனி படிந்த காலையில் கிரீனை மிதித்தால் புல்லின் உயிரணுக்கள் நொறுங்கும். பனி விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பங்கர் எனப்படும் மணற்குழிகள் 100க்கும் மேல். அவற்றின் சுவர்களை, வேர்மண்ணோடு வெட்டிய புல்பத்தைகளைச் செங்கல் வரிசைபோல் அடுக்கி, சற்றே பின்சாய்த்து எழுப்புகிறார்கள். காற்றும் அடிபட்டுத் தெறிக்கும் மணலும் அவற்றை அரிக்கும். வெயில் நேரே படும் தெற்கு பார்த்த சுவர் இன்னும் விரைவில் காய்ந்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கட்ட வேண்டியதே. முழங்காலிட்டுச் செய்யும் இந்த வேலைக்குப் பழகிய கைதான் வேண்டும்.

கோடையில் புல் பழுப்பேறும். அதைக் கண்டு தண்ணீரைக் கொட்டுபவர் அந்த நிலத்தை அறியாதவர். ஃபெஸ்க்யூ வறட்சி தாங்கும். தரை இறுகி பந்து உருண்டோடுவதே கடலோரத் திடலுக்கு அழகு. இலையுதிர் பருவத்தில் தரையில் துளையிட்டுக் காற்றோட்டம் தருவதும், விதைப்பதும், மணல் தூவுவதும் தொடரும்.

மோரிஸ் 1903 வரை பொறுப்பில் இருந்தார், 1908இல் மறைந்தார். பதினெட்டாம் குழி இன்று அவர் பெயரில் வழங்குகிறது. 1974இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அமைந்த அறக்கட்டளை, திடல்களைப் பொதுச்சொத்தாகவே நிர்வகிக்கிறது. ஏழு திடல்கள் அதன் பொறுப்பில் உள்ளன. கடல் அரிப்பு நெருங்கிவரும் காலத்தில், மணல்மேடுகளைச் சீரமைப்பதும் ஈடன் முகத்துவாரக் கரையில் உவர்நிலப் புல்லை நட்டு வளர்ப்பதும் பராமரிப்புக் கணக்கில் சேர்ந்துவிட்டன.