கழற்றிவிடப்பட்ட ஒரு கம்பியின் வரலாறு

1994 முதல் 1996 வரை வெளிவந்த ஃபோர்டு பிராங்கோ வண்டி ஒன்றை இன்று வாங்குகிறவர், அதன் குரூஸ் கண்ட்ரோல் இயங்கவில்லை என்று காண்கிறார் என வைத்துக்கொள்வோம். அது பழுதாகாமலேயே நின்றுபோயிருக்க வாய்ப்புண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஏதோ ஒரு பணிமனையில், மெக்கானிக் ஒருவர் வேண்டுமென்றே அதன் மின்னிணைப்பைக் கழற்றி விட்டிருக்கலாம். அவர் செய்தது சரியான செயல். அதை அறியாமல் இன்று மீண்டும் செருகிவிடுவது, வண்டியோடு அது நிற்கும் வீட்டையும் எரிக்கக்கூடும்.

பிராங்கோ என்பது 1966இல் தொடங்கி 1996 வரை முப்பது ஆண்டுகள் உற்பத்தியான கரடுமுரட்டுப் பாதை வண்டி. நம் ஊர் ஜீப்பின் பெரிய உறவுக்காரன் எனலாம். குரூஸ் கண்ட்ரோலோ, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் வண்டியை ஒரே வேகத்தில் கொண்டுசெல்லும் அமைப்பு. இதனை உருவாக்கிய ரால்ஃப் டீட்டர் (1890–1982) கார் ஓட்டியவர் அல்லர், ஓட்ட இயலாதவர். இந்தியானா மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், ஐந்து வயதில் கத்தியால் நேர்ந்த விபத்தில் பார்வையை இழந்தார். ஆயினும் 1912இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1936இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவரானார். பிஸ்டன் ரிங் செய்யும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தை நடத்தினார்.

அவருடைய காப்புரிமை வழக்கறிஞர் கார் ஓட்டும்போது, தாம் பேசுகையில் வேகத்தைக் குறைப்பாராம். டீட்டர் பேசக் கேட்கையில் கூட்டுவாராம். அருகில் அமர்ந்திருந்த டீட்டருக்கு அந்தக் குலுக்கல் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். கண்ணால் சாலையைப் பார்ப்பவருக்குப் புலப்படாத ஒன்று, உடலால் மட்டுமே வேகத்தை அறிந்தவருக்குப் புலப்பட்டிருக்கிறது. 1950இல் அவர் பெற்ற காப்புரிமையின் தலைப்பே சுவையானது: ஆக்சிலரேட்டரின் இயக்கத்தை எதிர்க்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று பொருள்படும். குறித்த வேகத்தை எட்டியதும் மிதி காலை எதிர்த்துத் தள்ளும். மிதிப்பவர் அந்த அழுத்தத்தை உணர்ந்து நிதானிக்க வேண்டும். ஓட்டுநரின் காலை அப்புறப்படுத்தும் எண்ணம் அதில் இல்லை. வேகத்தைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு பிற்பாடுதான் சேர்ந்தது.

கிரைஸ்லர் நிறுவனம் 1958இல் இதைத் தன் விலையுயர்ந்த கார்களில் ‘ஆட்டோ-பைலட்’ என்னும் பெயரில் விற்றது. காடிலாக் சூட்டிய ‘குரூஸ் கண்ட்ரோல்’ என்ற பெயரே நிலைத்தது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974இல் அமெரிக்க நெடுஞ்சாலைகளுக்கு மணிக்கு 55 மைல் என்ற உச்சவரம்பு வந்ததும், ஆடம்பரமாக இருந்த கருவி சிக்கனத்தின் கருவியாயிற்று.

காலை எடுத்துவிடலாம் என்று ஆனவுடன் வேறொரு சிக்கல் முளைத்தது. பிடித்துக்கொண்ட கருவி விடாமல் போனால் என்ன ஆகும்? ஆகவே விடுவிப்பதற்கான வழிகளைப் பொறியாளர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பிரேக் மிதியை லேசாகத் தொட்டாலே பிரேக் விளக்கின் சுவிட்ச் குரூஸுக்குச் செய்தி அனுப்பிவிடும். அது தவறினால்? ஃபோர்டு வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டரின்மீது இரண்டாவதாக ஒரு சுவிட்ச் பொருத்தப்பட்டது. பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது எழும் எண்ணெய் அழுத்தத்தால் இது திறந்துகொண்டு, ஆக்சிலரேட்டரை இழுத்துப் பிடித்திருக்கும் கருவிக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும். முழுக்க முழுக்கப் பாதுகாப்புக்கென்றே பிறந்த உறுப்பு.

அதன் உள்ளே ஒருபுறம் பிரேக் ஆயில். மறுபுறம் மின் தொடுமுனைகள். இரண்டையும் பிரிப்பது காப்டான் எனப்படும் மெல்லிய படலம். பல மாடல்களில் சாவியை எடுத்த பின்னும் இந்தச் சுவிட்சில் பேட்டரியின் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் படலம் விரிசல் கண்டது. எண்ணெய் கசிந்து தொடுமுனைகளை அரித்தது. அரித்த இடத்தில் மின்சாரம் தவறான வழியில் ஓடிச் சூடேறியது. எஞ்சின் அணைந்து, வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நள்ளிரவில் அமைதியாக நின்ற வண்டிகள் தீப்பற்றின. ஓட்டத்தின்போது உயிர்காக்க வைத்த உறுப்பு, ஓடாதபோது வீட்டை எரித்தது.

திருத்தம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1999இல் டவுன் கார், கிரவுன் விக்டோரியா, கிராண்ட் மார்க்விஸ் ஆகிய மூன்று கார்களுக்கு முதல் அழைப்பு. 2005 ஜனவரியில் ஏறத்தாழ எட்டு லட்சம் வண்டிகள்; அதே ஆண்டு செப்டம்பரில் 38 லட்சம். பிராங்கோ இந்தச் செப்டம்பர் அழைப்பில்தான் வருகிறது. 2007இல் 36 லட்சம், 2009 அக்டோபரில் 45 லட்சம். மொத்தம் ஏறத்தாழ 1.4 கோடி வண்டிகள். ஒரே உறுப்புக்காக இத்தனை வண்டிகளை ஃபோர்டு அதற்குமுன் அழைத்ததில்லை. (நம் நாளிதழ்கள் இதனை ‘வாகனங்களைத் திரும்பப் பெற்றது’ என்று எழுதுகின்றன. உரிமையாளரிடமிருந்து யாரும் வண்டியைப் பெற்றுக்கொள்வதில்லை. வரவழைத்து, திருத்தி, அனுப்பிவிடுகிறார்கள். ‘திரும்ப அழைத்தது’ என்பதே பொருந்தும்.)

பத்தாண்டுகள் ஒரு படலத்தின் பின்னால் ஓடிய கதையில் என்னை உறுத்துவது இதுதான்: தீ ஒவ்வொரு முறையும் முந்திய அழைப்பின் எல்லைக்கு வெளியிலிருந்த வண்டிகளிலேயே அடுத்துத் தெரியவந்தது.

மாற்று உறுப்புகள் வந்துசேரும்வரை பணிமனைகள் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி விட்டன. உறுப்பு வந்தபின் தனி ஃபியூஸ் கொண்ட ஒரு சிறு கம்பித்தொகுதியை இடையில் பொருத்தின. கசிவு ஏற்பட்டு மின்சாரம் மிகுந்தால், தீப்பிடிக்குமுன் அந்த ஃபியூஸ் எரிந்து இணைப்பை அறுத்துவிடும், குரூஸும் நின்றுவிடும். ஆகவே இந்த வண்டிகளில் இயங்காத குரூஸ் ஒரு செய்தியைச் சொல்லக்கூடும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தொகைநிலைத் தொடர் நினைவுக்கு வரலாம். உருபு மறைந்திருக்கும், பொருள் மறையாது.

எனவே பழுது தேடுவோர் எளியவற்றைப் பார்த்து முடித்துவிட்டு இங்கே வரவேண்டும். ஹாரன் ஒலிக்கிறதா? ஸ்டியரிங் சக்கரத்தில் குரூஸ் பொத்தான்களும் ஹாரனும் ஒரே வழியைப் பகிர்கின்றன. பிரேக் விளக்குகள் எரிகின்றனவா? அக்கால ஃபோர்டுகளில் அந்தப் பல்புகளின் வழியாகவே குரூஸ் தனக்குரிய எர்த் இணைப்பை உணர்கிறது. பல்புகள் எரிந்துபோயிருந்தாலோ, ஆசைப்பட்டு எல்இடி விளக்கு மாட்டியிருந்தாலோ அது பிடிக்க மறுக்கும். நல்ல வண்டியை அலங்காரம் கெடுத்த கதைகளில் இதுவும் ஒன்று. வேகமானியின் முள் ஆடினால் பின் அச்சிலுள்ள சென்சாரைப் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பானெட்டைத் திறந்து மாஸ்டர் சிலிண்டரின் சுவிட்சைப் பாருங்கள். இணைப்பு தொங்குகிறதென்றால், திருத்தம் பாதியில் நின்ற வண்டி அது. இடைக்கம்பியின் ஃபியூஸ் எரிந்திருக்கிறதென்றால், சுவிட்ச் கசிந்திருக்க வாய்ப்பு மிகுதி. அந்நிலையில் புது ஃபியூஸ் போடுவது, கூடுதல் ஆம்பியர் ஃபியூஸ் போடுவது, கம்பியால் இணைத்துவிடுவது ஆகிய மூன்றும் ஒன்றைவிட ஒன்று மோசம். இணைப்பைக் கழற்றி உள்ளே பாருங்கள். உலர்ந்திருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் சுவிட்சையே மாற்ற வேண்டும்.

அமெரிக்க அரசின் இணையத் தேடலில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, அழைப்பு எதுவும் நிலுவையில் இல்லை என்று ஆறுதல் கொள்வதும் போதாது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அழைப்புகளை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. பிராங்கோவுக்கான அழைப்பு வந்தது 2005இல்.