தன் நோயைத் தானே சொன்ன கணிப்பொறி

தோட்ட மருத்துவமனைக்குப் போனால், எங்கே வலிக்கிறது என்றுதான் டிரெசர் முதலில் கேட்பார். வாயில்லாத இயந்திரம் பழுதாகிவிட்டால் அதை யார் கேட்பது? கேட்காமலே பதில் சொன்ன ஒரு கணிப்பொறியைப் பற்றி இன்று பார்ப்போம்.

1981 ஆகஸ்ட் 12ஆம் நாள் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணிப்பொறியை அறிமுகப்படுத்தியது. விலை 1,565 டாலரில் தொடங்கியது, திரைக்குத் தனிக்காசு! விசையைப் போட்டதும் அது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் நலமென்றால் 'பீப்' என்று ஒருமுறை குறுகலாக ஒலிக்கும். நீளமாக ஒன்றும் குறுகலாக இரண்டும் ஒலித்தால், திரையை இயக்கும் பகுதியில் கோளாறு. ஒலியுமில்லை, திரையும் இருண்டு கிடக்கிறது என்றால் முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

திரையில் எண்களும் தோன்றும். 301 என்றால் விசைப்பலகை. 201 என்றால் நினைவகம். இந்த 201தான் நம்மை வியக்க வைக்கிறது. முதன்மைப் பலகையில் நினைவகச் சில்லுகள் வரிசைக்கு 9 வீதம் 4 வரிசைகளில் இருந்தன. எட்டே போதுமே, ஒன்பதாவது எதற்கு? அது கணக்கு எழுதும் கிராணியைப் போன்றது. மற்ற எட்டும் வைத்திருக்கும் குறிகளில் '1' எத்தனை, அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று குறித்துக்கொள்ளும். வேலை நடக்கும்போது கணக்கு உதைத்தால் கணிப்பொறி அப்படியே நின்றுவிடும். தப்பான கணக்கைத் தருவதைவிட நின்றுபோவது மேலல்லவா?

சோதனையில் 201 வந்தால், அதற்கு முன்னால் நான்கிடக் குறியீடு ஒன்றும் வரும். எந்த வரிசை என்பதை முதல் இரண்டும், அதில் எந்தச் சில்லு என்பதை அடுத்த இரண்டும் காட்டும். 36 சில்லுகளில் கெட்டது ஒன்றுதான் என்று தெரிந்தபின், பலகையையே ஏன் மாற்ற வேண்டும்? இது தெரியாதவரிடம்தான் 'பலகையே போய்விட்டது' என்று சொல்லிப் புதியதை விற்க முடியும்.

முதல் வரிசை ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. மற்ற மூன்றும் சாக்கெட்டில் செருகப்பட்டவை, கழற்றி மாற்றலாம். சில வேளைகளில் அதுவும் வேண்டியதில்லை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, சில்லு தன் சாக்கெட்டை விட்டு மெல்ல எழும்பியிருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு விரலால் அழுத்தினாலே சரியாகிவிடும்.

ஐ.பி.எம். இதை இரகசியமாகவும் வைக்கவில்லை. மின்சுற்று வரைபடங்களையும் சோதனை நிரலையும் நூலாகவே அச்சிட்டு விற்றது. இன்றைய மேசைக் கணிப்பொறிகள் பலவற்றில் அந்தச் சிறு ஒலிபெருக்கி இல்லை. அதற்குப் பதிலாகப் பலகையில் சிறு விளக்குகள் எரிந்து, கோளாறு எங்கே என்று காட்டுகின்றன.