ஓப்பன்-தமிழ்

ஓப்பன்-தமிழ் என்பது பைத்தான் நிரல்மொழியில் தமிழ் உரையைக் கையாள உதவும் கட்டற்ற நிரல்தொகுதி ஆகும். 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் தன்னார்வலர்களும் 2010களில் இதை வளர்த்தெடுத்தனர்.

பின்னணி

பெர்ல் மொழிக்கான நிரல்களை ஓரிடத்தில் திரட்டும் சிபான் களஞ்சியம் 1995இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பைத்தானுக்கான பைபிஐ 2003இல் தொடங்கியது. அங்குள்ள தொகுதியை 'பிப்' கருவியின் ஒரே கட்டளையால் நிறுவலாம்.

எழுத்தை எண்ணும் சிக்கல்

ஒருங்குறியில் உயிர்மெய் எழுத்துகள் பல, மெய்யும் உயிர்க்குறியுமாக இரண்டு குறியீடுகளால் அமைகின்றன. அதனால் 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என விடை வரும், எழுத்துகளோ 3. அச்சொல்லைத் திருப்பினால் 'ழ்மித' வர வேண்டும். குறியீடுகளை மட்டும் திருப்பினால் புள்ளி தனித்து முன்னே நிற்கும். இகரக் குறி ழகரத்தோடு ஒட்டி 'ழி' ஆகிவிடும். தேடல், அகரவரிசை, சொல் விளையாட்டு என எதை எழுதினாலும் இச்சிக்கல் எதிர்ப்படும்.

தீர்வு பொதுவாதல்

ஓப்பன்-தமிழில் உள்ள 'கெட்_லெட்டர்ஸ்' என்னும் செயற்கூறு உரையைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுத வேண்டியிருந்த தீர்வு, பைபிஐயில் வெளியானதும் பொதுச் சொத்தானது. கல்பாக்கத்து மாணவருக்கும் கனடாவில் உள்ள ஆய்வாளருக்கும் ஒரே நிரல் கிடைக்கிறது. எம்ஐடி உரிமம் அதைத் திருத்தவும் பகிரவும் இடமளிக்கிறது.

பேணுதல்

வெளியிடுவதோடு வேலை முடிவதில்லை. பைபிஐயில் ஏற்றிய கோப்பை மாற்ற இயலாது. பிழை திருத்தினால் புதிய பதிப்பெண்ணுடன் மீண்டும் வெளியிட வேண்டும். மொழியும் மாறுகிறது: பைத்தான் 2க்கான ஆதரவு 2020 சனவரி 1 அன்று முடிவுற்றது.

பிறர் தொகுதியைச் சார்ந்திருப்பதன் இடரை 2016 மார்ச் மாத நிகழ்வு காட்டியது. சாவாஸ்கிரிப்டின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து 'லெஃப்ட்-பேட்' என்னும் 11 வரித் தொகுதியை அதன் ஆசிரியர் நீக்கியதும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் உருவாக்கம் தடைபட்டது. சில மணி நேரத்தில் அது மீட்கப்பட்டது. நீக்கும் விதிகளும் இறுக்கப்பட்டன.

தமிழுக்கான தொகுதிகள் பெரும்பாலும் தன்னார்வலர் சிலரின் ஓய்வு நேர உழைப்பில் நிற்பவை. பழைய பதிப்பு களஞ்சியத்தில் கிடக்கும். ஆனால் அதைப் புதிய பைத்தானில் இயங்கவைக்க அடுத்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.